"மக்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்" என்று செய்திச் சேனல்களுக்கு யார் சொன்னது?

வடக்குவீதி எழுதியது:

தமிழ்ச் செய்திச் சேனல்களைப் பற்றி யார் எங்கே குறை சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. "நாங்கள் என்ன செய்வது, மக்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்." கருத்தரங்க மேடையில் ஆசிரியர் சொல்கிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் செய்தியாளரும் சொல்கிறார். கேட்பவர்கள் "நம் ஜனங்கள் அப்படித்தான்" என்று தங்களைத் தவிர மற்ற எல்லோர் மீதும் பழியைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போகிறார்கள்.

இந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதை யாரும் பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. 2020 அக்டோபர் 8 அன்று டிஆர்பி (சேனல்களின் பார்வை மதிப்பெண்) மோசடி வழக்கை மும்பை போலீஸ் வெளியே சொன்னது. எந்தச் சேனலை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று வாராவாரம் வியாழக்கிழமை கணக்குச் சொல்லும் பார்க் அமைப்பு, அடுத்த வாரமே செய்திச் சேனல்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் வெளியிடுவதை நிறுத்திவைத்தது. திரும்ப வெளியிட்டது 2022 மார்ச் 17 அன்றுதான். இடையில் பதினேழு மாதங்கள். கொரோனா இரண்டாம் அலை அதற்குள் வந்தது, 2021 சட்டமன்றத் தேர்தலும் அதற்குள் வந்தது. அத்தனை நாளும் எந்தச் செய்திச் சேனலுக்கும் வியாழக்கிழமை மதிப்பெண் கிடையாது.

மதிப்பெண்தான் இவர்களைப் பிடித்து ஆட்டியது என்றால், அது இல்லாத பதினேழு மாதத்தில் யாராவது கொஞ்சம் கையைக் காலை நீட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? எட்டு மணிக்கு அதே விவாதம். திரையில் அதே நான்கு கட்டம். மதியம் நடந்த சங்கதிக்கு இரவிலும் அதே சிவப்புப் பட்டையில் "பிரேக்கிங்". "மக்கள் விருப்பம்" என்ற காரணத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். தொழிலில் இருப்பவர்கள், இருந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

ரிமோட்பிரியன் எழுதியது:

உங்களுக்கும் மக்கள் விருப்பம் தெரியாதே நண்பரே. தெரியாத இருவரில் ஒருவராவது தினமும் சேனல் நடத்துகிறார்.

2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி செவ்வாய் விடியற்காலை வரை நேரலை. நடுவில் ஞாயிறன்று தீபாவளி. எங்கள் தெருவில் வெடிச் சத்தமே குறைந்திருந்தது. அதை யாரும் மக்கள் மீது திணிக்கவில்லை. பார்த்தோம், காட்டினார்கள்.

இன்னொன்று. சத்தம் போடாத, சண்டை மூட்டாத செய்தி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அது இன்றைக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன சேனலில் நிதானமாகத்தான் செய்தி வாசிக்கிறார்கள். இந்த மன்றத்தில் அதைத் தினமும் பார்ப்பவர்கள் கையைத் தூக்குங்கள், எண்ணிக்கொள்கிறேன்.

கணக்குடீச்சர் எழுதியது:

நான் கையைத் தூக்குகிறேன். ஆனால் அதில் ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத செய்தி வராது என்பதால் பாதிக் கைதான். நிதானம் வேண்டுமா, நம்பகம் வேண்டுமா, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, "பார், நிதானத்தை யாரும் எடுக்கவில்லை" என்றால் எப்படித் தம்பி?

அந்த மதிப்பெண்ணுக்காக வீட்டு டிவியில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதிவு செய்யும் மீட்டரைப் பற்றிச் சொல்கிறேன், கணக்குப் பாடம் எடுத்த பழக்கம். 2020 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 44,000 வீடுகளில் மீட்டர் இருந்தது. டிவி உள்ள வீடுகள் ஏறத்தாழ 21 கோடி. அதாவது கிட்டத்தட்ட 4,800 வீட்டுக்கு ஒரு மீட்டர். "இவ்வளவு குறைவா!" என்று எல்லோரும் இங்கேதான் கொதிப்பார்கள். அது தவறான கொதிப்பு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மூடநம்பிக்கை அல்ல, நன்றாகக் கிளறிய பானையாக இருந்தால்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை எந்தச் சேனலில் அதிகம் பேர் படம் பார்த்தார்கள் என்று சொல்ல இந்த 44,000 வீட்டு மாதிரி தாராளமாகப் போதும். அதே மாதிரியில் தமிழ்நாட்டை மட்டும் எடுங்கள். அதில் செய்தி பார்த்த வீடுகளை மட்டும் எடுங்கள், அதிலும் இரவு 8 முதல் 8.30 வரை, அதிலும் 22 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கையில் இருக்கும் வீடுகள் சுருங்கிக்கொண்டே போகின்றன. கடைசியில் இரண்டு வீட்டில் விருந்தாளி வந்துவிட்டால் முதலிடம் இரண்டாமிடமாகிவிடும். 2022இல் திரும்ப வெளியிட்டபோது செய்திக்கு நான்கு வார சராசரி என்று வைத்ததே, ஒரு வார எண்ணை நம்ப முடியாது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இருப்பதில் எதைப் பார்த்தார்கள் என்றுதான் மீட்டர் சொல்லும். எட்டு மணிக்கு எல்லாச் சேனலும் விவாதம் வைத்தால், "எந்த விவாதம்" என்பதற்கு மட்டும்தான் மீட்டரிடம் பதில் இருக்கிறது. "விவாதம் வேண்டுமா" என்று அதனிடம் யாரும் கேட்கவே இல்லை.

விளம்பரக்காரன் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். விளம்பர நேரம் வாங்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மீட்டர் வீட்டில் ரிமோட்டில் ஆளுக்கு ஒரு பொத்தான் இருக்கும். டிவி முன் உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போதும் அழுத்த வேண்டும். சேனலின் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்புவார்கள், மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் என்று அறியும். இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மனிதர்கள்தான் குடும்பத் தலைவரின் பொத்தானை அழுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறார்கள். டீக்கடையிலும் சலூனிலும் மருத்துவமனை வரவேற்பறையிலும் ஓடும் டிவி இந்த வீட்டுக் கணக்கில் வராது. செய்தி அதிகம் ஓடுவது அங்கேதான்.

பிறகு "லேண்டிங் பேஜ்". செட்டாப் பாக்ஸை ஆன் செய்ததும் நீங்கள் கேட்காமலே ஒரு சேனல் வந்து நிற்கிறதே, அது தற்செயல் அல்ல. கேபிள்காரருக்குப் பணம் கொடுத்து வாங்கிய இடம். அப்படி நின்ற நேரமும் பார்வையாகப் பதிவாக வாய்ப்பு இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018 டிசம்பரில் இதைத் தடுத்து உத்தரவு போட்டது. 2019 மே மாதம் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மக்கள் விருப்பத்தில் ஒரு பங்கு இப்படி விலைக்கும் கிடைத்தது.

ஆனால் வடக்குவீதி, உங்கள் பதினேழு மாத வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. மதிப்பெண் திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியாக வெளியான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் விற்பனைக்காரர்கள் அலைந்தார்கள். "கடைசி வாரம் நாங்கள் இரண்டாமிடம் சார்" என்று ஒரு வருடம் கழித்தும் என்னிடம் வந்து சொன்னார்கள். நிறுத்தும்போது இருந்த முகத்தை மாற்றினால் அந்த இரண்டாமிடமும் கேள்விக்குள்ளாகிவிடும் என்ற பயம் இருந்தது. ஆகவே மதிப்பெண் இல்லாத காலத்திலும் அதன் நிழல் இருந்தது.

வடக்குவீதி எழுதியது:

நிழல் என்கிறீர்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரு வருடப் பழைய பட்டியலுக்குப் பயந்து நிகழ்ச்சியை மாற்றாமல் இருப்பதற்குப் பெயர் மக்கள் விருப்பமா? என் கேள்வியை நீங்கள் பலப்படுத்தத்தான் செய்கிறீர்கள்.

இன்புட்டெஸ்க் எழுதியது:

ஒரு செய்திச் சேனலில், வெளியிலிருந்து வரும் செய்திகளைச் சேகரிக்கும் இன்புட் டெஸ்கில் பல வருடம் இருந்தேன். எந்தச் சேனல் என்று கேட்க வேண்டாம்.

நீங்கள் எல்லோரும் மீட்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். வியாழக்கிழமை அட்டவணை வரும்போது நிர்வாகக் கூட்டத்தில் அதைப் பார்ப்பார்கள், திட்டு விழும், உண்மைதான். ஆனால் அன்றாடம் எது செய்தி என்று முடிவு செய்வது வேறொரு பொருள். நிருபர்களை வேலைக்கு அனுப்பும் அசைன்மென்ட் டெஸ்கின் எதிர்ச் சுவர்.

அந்தச் சுவரில் வரிசையாக டிவிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு போட்டிச் சேனல். ஒலி கிடையாது, கீழே ஓடும் டிக்கரும் பிரேக்கிங் பட்டையும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். டெஸ்கில் இருப்பவன் தட்டச்சு செய்துகொண்டே அரைக்கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். எதிரே ஏதாவது ஒரு டிவியில் சிவப்புப் பட்டை வந்தால் போதும், தலைமை அறையிலிருந்து குரல் வந்துவிடும்: "அவன் போட்டிருக்கிறான், நாம் ஏன் இன்னும் போடவில்லை?" உடனே மாவட்டச் செய்தியாளருக்கு போன். அவர் "சார், இன்னும் உறுதியாகவில்லை, எஸ்பி எடுக்கவில்லை" என்பார். "அவன் போட்டுவிட்டான், நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று இங்கிருந்து கேட்போம். இரண்டு நிமிடத்தில் நம் பட்டையும் சிவந்துவிடும். நாம் போட்டதைப் பார்த்து மூன்றாமவன் போடுவான். முதலில் போட்டவன், எல்லோரும் போட்டுவிட்டார்கள் என்பதால் தன் செய்தி உறுதியாகிவிட்டது என்று நம்பிக்கொள்வான்.

இதில் பார்வையாளர் எங்கே வருகிறார்? வீட்டில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான் பார்க்கிறார். யார் முதலில் சொன்னது, யார் நாற்பது விநாடி கழித்துச் சொன்னது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. அதைப் பார்க்க வசதியுள்ள ஒரே இடம் இன்னொரு சேனலின் செய்தி அறை. "முந்தித் தருவது" என்ற பந்தயம் முழுவதும் எங்களுக்காக நாங்களே ஓடியது.

2016 டிசம்பர் 5 மாலை நினைவிருக்கும். முதலமைச்சர் காலமானதாகச் சில தமிழ்ச் சேனல்கள் சொல்லிவிட்டன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவை ஒட்டித்தான் வந்தது. அன்றைக்கு முதலில் சொன்னது எந்தச் சேனல் என்று இந்த இழையில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

ரிமோட்பிரியன் எழுதியது:

எனக்கு நினைவில்லை. பதற்றத்தில் சேனல் மாற்றிக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

சரி, முந்தித் தரும் விஷயத்தை விட்டுத் தருகிறேன். ஆனால் விவாதம்? அதைச் சுவரைப் பார்த்தா நடத்துகிறார்கள்? "நேர்படப் பேசு", "ஆயுத எழுத்து", "காலத்தின் குரல்" என்று ஒவ்வொன்றுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள், நெறியாளர்கள் நட்சத்திரங்கள் ஆனார்கள். 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை வந்த புதிதில் என் அப்பா இரவுச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றினார். கட்சிச் சேனல்களையே பார்த்துச் சலித்தவர்களுக்கு, எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவது பெரிய காட்சிதான்.

இன்புட்டெஸ்க் எழுதியது:

அண்ணா, முதல் இரண்டு மூன்று வருடங்களுக்கு நீங்கள் சொல்வது சரி. உண்மையிலேயே புதிதாக இருந்தது, மக்கள் வந்தார்கள். பிறகு ஏன் நிலைத்தது என்பதற்குத்தான் கணக்கு வேறு.

விவாதத்துக்கு என்ன வேண்டும்? ஏற்கெனவே கட்டிய ஸ்டுடியோ, மாதச் சம்பளத்தில் இருக்கும் நெறியாளர், நான்கு விருந்தினர்கள். கட்சிப் பேச்சாளர்கள் வருவார்கள், கட்சியே அனுப்பும். ஒரு காலத்தில் அழைத்து வரக் காராவது அனுப்பினோம். 2020க்குப் பிறகு அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் வந்துவிடுவதால் அந்தச் செலவும் பெரும்பாலும் இல்லை. ஒரு மணி நேரம் நிரம்பிவிட்டது. அடுத்த நாள் காலை அதே விவாதம் மறு ஒளிபரப்பாகி இன்னொரு மணி நேரத்தை நிரப்பும். அதில் ஒருவர் கோபப்பட்ட நாற்பது விநாடி யூடியூபுக்குப் போகும்.

இப்போது வேறொரு நிகழ்ச்சிக்குக் கணக்குப் போடுங்கள். நாகப்பட்டினத்தில் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் ஏன் நாள்கணக்கில் தேங்குகிறது என்று இருபது நிமிட நிகழ்ச்சி. நிருபர், கேமராமேன், வண்டி, இரண்டு இரவு தங்கல். விவசாயியிடமும் லாரிக்காரரிடமும் பேச வேண்டும், சாக்கு வரவில்லை என்று சொல்லும் பட்டியல் எழுத்தரிடமும் பேச வேண்டும். அவர் கேமரா முன் வரமாட்டார். திரும்பி வந்து எடிட்டிங். ஐந்து நாள் உழைப்பு, இருபது நிமிடம். இருபத்து நான்கு மணி நேரத்தை இப்படி நிரப்ப எந்த முதலாளியாலும் முடியாது.

மாவட்டங்களில் எங்களுக்கு இருந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்டிரிங்கர்கள். ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று கூலி. எடுத்து அனுப்பி, ஒளிபரப்புப் பட்டியலான ரன்டவுனில் ஏறாமல் போனால் பெட்ரோல் காசு அவருடையது. ஏறாது என்று தெரிந்த செய்தியை அவர் ஏன் எடுக்கப் போகிறார்? விபத்து ஏறும், கலெக்டர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தது ஏறும், அமைச்சர் பேட்டி நிச்சயம் ஏறும். ஆகவே அவை வரும். சென்னையில் உட்கார்ந்து நாங்கள் "மாவட்டங்களிலிருந்து வேறு எதுவும் வருவதில்லை" என்று சொல்லிக்கொள்வோம்.

கூட்டத்தில் "செலவாகும்" என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "அதை யார் சார் பார்ப்பார்கள்?" என்றுதான் சொல்வார்கள்.

தென்னந்தோப்பு எழுதியது:

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மீட்டர், மாதிரி எல்லாம் பெரியவர்கள் பேசட்டும். என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தோப்பு இல்லை. முப்பது வருட மரங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. மின்கம்பம் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததால் எங்கள் ஊருக்குக் கரண்ட் வரப் பல வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் டெல்டாவில் இருந்தவர்கள் எந்தச் செய்தியும் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. எங்கள் பகுதியில் எந்த வீட்டிலாவது மீட்டர் இருந்திருந்தாலும் அது செத்துத்தான் கிடந்திருக்கும்.

அப்படியென்றால் அந்த வாரம் கஜா செய்திக்கு எவ்வளவு பேர் என்று கணக்கிட்டவர்கள் யாரைக் கணக்கிட்டார்கள்? புயல் அடிக்காத ஊர்க்காரர்களை. அவர்களுக்கு நான்காம் நாளே சலித்திருக்கும், அதில் தப்பில்லை. சென்னைப் பெருவெள்ளத்துக்கு 2015இல் வீட்டு ஃபிரிட்ஜ் மிதந்ததுகூடச் செய்தி. எங்களுக்கு வந்த வண்டிகள் அமைச்சர்கள் வந்துபோன வரைக்கும் இருந்தன.

உப்பளம் எழுதியது:

2023 டிசம்பரில் எங்களுக்கும் இதேதான் அண்ணே. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழைக்குச் சென்னை முழுவதும் கேமரா. 17ஆம் தேதி இங்கே தூத்துக்குடிப் பக்கம் கொட்டத் தொடங்கியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஒரு வருடத்து மழை ஒரே நாளில். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது.

ஆனால் சேனல்காரர்களைக் குறை சொல்லும் முன் ஒன்றையும் சொல்ல வேண்டும். சாலை அறுந்துவிட்டது, டவர் படுத்துவிட்டது, வண்டியும் வர முடியாது, வந்தாலும் படம் அனுப்ப முடியாது. முதல் இரண்டு நாள் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. என் கோபம் தண்ணீர் வடிந்த பிறகு உள்ள நாட்களைப் பற்றியது. ஏரல் பாலம் என்ன ஆனது, உப்பளத்தில் கரைந்துபோன உப்புக்கு யார் கணக்கு என்றெல்லாம் கேட்க ஆள் இல்லை. அதற்குள் எட்டு மணி விவாதத்தில் "மத்திய அரசு கொடுத்ததா, மாநில அரசு கேட்டதா" தொடங்கிவிட்டது. எங்கள் வெள்ளம் அவர்களுக்குத் தலைப்பாக மட்டும் பயன்பட்டது.

மன்ற நெறியாளர் எழுதியது:

நடுவில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒரு சேனல் ஊழியரைப் பெயர் சொல்லி, பணம் வாங்கினார் என்று ஆதாரமின்றி எழுதியிருந்தார்கள். சேனல்களின் முடிவுகளைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள்.

கணக்குடீச்சர் எழுதியது:

தென்னந்தோப்பு எழுதியதைப் பல முறை படித்தேன். செய்தி யாருக்கு மிக அவசியமோ அவர்கள் கணக்கிலிருந்து காணாமல்போகும் வாரத்தில்தான், அந்தச் செய்திக்கு ஆள் இல்லை என்று கணக்கு சொல்லும். மாதிரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தப் பிழை போகாது.

புகார் செய்யலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 2021இல் திருத்திய கேபிள் டிவி விதிகளின்படி நாம் சேனலுக்குப் புகார் எழுதினால் 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மேலே போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காட்டியது நிகழ்ச்சி விதிகளை மீறியதா என்பதற்கு மட்டும்தான் அது. காட்டாமல் விட்டதற்குப் புகார் எழுதப் படிவம் கிடையாது. இருக்கவும் கூடாது என்பதே என் கருத்து. இன்ன செய்தியைக் காட்டு என்று அரசாங்கம் சொல்லும் இடத்துக்கு அது கொண்டுபோய் விட்டுவிடும். 2018இல் கோவையில் நடந்த ஒரு விவாதத்துக்காகப் புதிய தலைமுறை மீது வழக்கே போட்டார்கள், மறந்துவிட வேண்டாம்.

வடக்குவீதி எழுதியது:

ரிமோட்பிரியனின் நடுக்காட்டுப்பட்டிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. பார்த்தோம். நானும்தான். அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்ற தவிப்பை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எண்பது மணி நேரத்துக்கு மேல் திரை கையில் இருந்தது. அதில் பெரும்பகுதி தூரத்திலிருந்து தெரிந்த ரிக் இயந்திரம், "இன்னும் சற்று நேரத்தில்", எத்தனை அடி இறங்கியது என்ற எண், மறுபடியும் ரிக் இயந்திரம். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி 2010லேயே உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்திருக்கிறது. தோண்டுவதற்கு 15 நாள் முன்பே அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பலகை வைக்க வேண்டும், முள்வேலி போட வேண்டும், தண்ணீர் இல்லை என்று கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மூட வேண்டும். எந்த அதிகாரி எந்தப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு நிருபரை அனுப்பி அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தால் எண்பது மணி நேரமும் போதாமல் போயிருக்கும். மக்கள் அப்போது டிவியை அணைத்திருப்பார்களா? ஊர் ஊராக மூடாத குழியைத் தேடிப்போய் மக்களே கல்லைப் போட்டு மூடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆர்வம் கொதிநிலையில் இருந்தது. அதற்குப் பொருத்தமான நிகழ்ச்சி இல்லை.

விளம்பரக்காரன் எழுதியது:

ஒன்றைச் சொல்லாமல் போனால் முழுமையாகாது. செய்திச் சேனலுக்கு யார் விளம்பரம் தருகிறார்கள் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. சோப்புக் கம்பெனியின் பெரும்பணம் தொடர்களுக்குப் போய்விடும். தமிழ்ச் செய்திக்கு வருவது நகைக்கடை, ஜவுளிக்கடை, மனை விற்பவர்கள், பொறியியல் கல்லூரி, மருத்துவமனை, அப்புறம் அரசு. இவர்களில் பலர் பார்க் அட்டவணையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. முதலாளியின் வீட்டில் எது ஓடுகிறது, அவருடைய நண்பர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள், எந்தச் சேனலோடு மனக்கசப்பு கூடாது என்பதெல்லாம் கணக்கில் சேரும். ஆகவே "டிஆர்பிதான் எல்லாம்" என்பதும் ஒரு அனுமானமே. சேனலுக்கும் அது வசதி, சேனலைத் திட்டுபவர்களுக்கும் வசதி.

சேனலின் முதலாளி யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கட்சியோ கல்லூரிக் குழுமமோ நாளிதழோ பின்னால் இருக்கிறது. லாபம் வராத சேனலையும் அவர்கள் மூடாமல் வைத்திருப்பது செய்தி மீதுள்ள காதலால் மட்டும் அல்ல.

ரிமோட்பிரியன் எழுதியது:

சரி, எல்லோரும் சேர்ந்து மீட்டரை உடைத்துவிட்டீர்கள். இப்போது யூடியூப் இருக்கிறது. அங்கே மாதிரி கிடையாது, ஒவ்வொரு கிளிக்கும் எண்ணிக்கையில் வருகிறது. அங்கேயும் அவர்கள் போடுவது அதே சண்டை வீடியோதானே? தலைப்பில் "வெளுத்து வாங்கிய", "திணறிய", "அதிர்ந்த அரங்கம்". இதற்கு என்ன சொல்கிறீர்கள்? இங்கே மக்கள் விருப்பம் நேரடியாகவே தெரிகிறது.

இன்புட்டெஸ்க் எழுதியது:

அண்ணா, கிளிக் விரலுடையது. உள்ளே போனபின் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று தனி வரைபடம் உண்டு, சேனலுக்கு மட்டும் தெரியும். சண்டை வீடியோவில் அந்தக் கோடு தலைப்பில் சொன்ன இடம் வந்ததும் செங்குத்தாக விழும். மறுநாள் காலையில் அந்த வீடியோ செத்துவிடும்.

நான் இருந்த இடத்தில் டிஜிட்டல் பிரிவில் ஒரு பெண் பட்டா மாறுதல் பற்றி ஒரு வீடியோ செய்தாள். என்ன ஆவணம், எங்கே விண்ணப்பம், விஏஓ என்ன கேட்பார், நிராகரித்தால் யாரிடம் மேல்முறையீடு. சத்தம் இல்லை, பின்னணி இசைகூட இல்லை. முதல் நாள் யாரும் சீந்தவில்லை. ஆனால் மாதக்கணக்கில் பார்வை ஏறிக்கொண்டே இருந்தது, கீழே மக்கள் தங்கள் சர்வே எண்ணோடு சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதை வாரம் ஒருமுறை டிவியில் அரை மணி நேரம் வைக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னேன். "நல்லது தம்பி, ஆனால் அதை யார் பார்ப்பார்கள்?" என்றார்கள். வரைபடம் மேஜை மேல்தான் இருந்தது.

ரிமோட்பிரியன் எழுதியது:

விவாதம் இருக்கட்டும். அந்த வீடியோ இன்னும் இருக்கிறதா? எங்கள் பூர்வீக மனைக்குப் பட்டா மாறாமல் இரண்டு வருடமாக அலைகிறேன். தனிச் செய்தியில் சுட்டி அனுப்புங்கள் தம்பி.

இன்புட்டெஸ்க் எழுதியது:

அனுப்பிவிட்டேன் அண்ணா. உங்கள் மனைக்கு உட்பிரிவு தேவையா, இல்லையா என்று முதலில் பாருங்கள். தேவையென்றால் நில அளவர் வந்து அளந்த பிறகுதான் நகரும். பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கும்.